சக்கரைக்கொல்லி

குற்றாலத்தில் சாரல் தொடங்கிய ஒன்பதாம் நாள், ஓய்வு பெற்ற எஸ்.ஐ. சுந்தரபாண்டியனுக்கும் பழக்கடை உலகம்மைக்கும் ஒரு மங்குஸ்தான் பழத்தை முன்னிட்டுச் சண்டை மூண்டது.

"இது பழமாம்மா? வெறும் சக்கை. பேருக்குக்கூட இனிப்பு இல்ல."

"அய்யா, இன்னைக்குக் காலையில வந்த பழம். இன்னொண்ணு உடைச்சுத் தாரேன், தின்னு பாருங்க."

இன்னொன்றையும் தின்று பார்த்து, அதையும் சக்கை என்றார் எஸ்.ஐ. பணியில் இருந்தபோது கள்ளச்சாராயக் கேஸ்களில் காட்டிய கடுகடுப்பு அப்படியே முகத்தில் ஏறியிருந்தது. உலகம்மையும் லேசுப்பட்டவள் இல்லை. மிச்சமிருந்த பாதிப் பழத்தை அவர் மனைவி தங்கத்தாயின் கையில் திணித்தாள். "நீங்க சொல்லுங்கம்மா, நியாயத்த."

தங்கத்தாய் வாயில் போட்டாள். தேனாய் இருந்தது. நல்லாத்தானே இருக்கிறது என்று சொன்னால் வீட்டுக்காரரின் மானம் நடுத்தெருவில் போகும், சொல்லாவிட்டால் உலகம்மையின் பிழைப்பில் மண் விழும். கொஞ்சம் அவகாசம் கிடைக்கட்டும் என்று பழத்தை மெதுவாகச் சப்பினாள். தீர்ப்புச் சொல்ல வாயைத் திறக்கும் முன்பே சுந்தரபாண்டியனின் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டாள். சாரலில் எல்லோருடைய சட்டையும்தான் நனைந்திருந்தது. ஆனாலும் முப்பத்துநாலு வருசம் அந்தச் சட்டைகளைத் துவைத்தவளுக்கு மழை ஈரம் எது, வியர்வை ஈரம் எது என்று தெரியாதா?

"அய்யாவுக்கு சுகர் உண்டும்மா?" என்று உலகம்மை சண்டையை அப்படியே விட்டுவிட்டு ஸ்டூலை எடுத்துப் போட்டாள். "லோ ஆயிட்டு. எங்க வீட்லயும் ஒரு ஆளு இருக்கு, எனக்குத் தெரியும்." பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு கை சீனியை அள்ளி வந்து அவர் வாயில் போட்டாள்.

அவர் தூவென்று துப்பினார். "மண்ணள்ளிப் போடுதா ஏட்டி இவ!"

கடைசியில் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு பாட்டில் குளிர்பானத்தை, சோடா என்று சொல்லிக் குடிக்க வைத்தார்கள். கால் மணி நேரத்தில் மனுஷன் தெளிந்து எழுந்தார். உலகம்மையிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தப் பழக்கம் அவருக்குக் கிடையாது. வீடு இருக்கும் மேலகரத்துக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் தங்கத்தாயின் மனதில் ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. சீனி எப்படி மண்ணாகும்?

தென்காசியில் டாக்டர் சண்முகப்பிரியா சோதித்துப் பார்த்ததில் சர்க்கரை மறுபடியும் இறங்கித்தான் இருந்தது. ஐம்பத்துநாலு. மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். அதற்குப் பிறகும் இரண்டு வாரத்தில் இரண்டு தடவை அவர் நடுங்கி உட்கார்ந்தார். டாக்டருக்கும் இது பிடிபடவில்லை.

"வேற எதுவும் மருந்து சாப்பிடுறீங்களா சார்? நாட்டு மருந்து, பொடி, கஷாயம், எதுனாலும் சொல்லுங்க."

"ஒண்ணும் கிடையாது" என்றார் சுந்தரபாண்டியன், நெஞ்சை நிமிர்த்தி.

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். கணையத்தில் சின்னதாக ஒரு கட்டி இருந்தாலும் அது இன்சுலினைக் கண்டபடி சுரந்து சர்க்கரையை இப்படி இறக்கும், அபூர்வம்தான், ஆனாலும் பார்த்துவிடுவது நல்லது. வெள்ளிக்கிழமை காலையில் திருநெல்வேலியில் ஸ்கேன். வெறும் வயிறாக வர வேண்டும். "அன்னைக்குக் காலையில மாத்திரையும் வேண்டாம்" என்றும் சொன்னார். தங்கத்தாய்க்குக் கட்டி என்ற ஒரு சொல்லுக்கு மேல் எதுவும் காதில் விழவில்லை. அவளுடைய அண்ணனுக்கும் முதலில் சின்னக் கட்டி என்றுதான் சொன்னார்கள்.

அவளுக்குப் பயம் வந்தால் அழுகை வராது. கேள்விதான் வரும். ஒரு கேள்வி பிடித்துக்கொண்டால் அது தீரும்வரை சோறு இறங்காது. போலீஸ் வேலைக்கு வீட்டில் யார் போயிருக்க வேண்டும் என்று கேட்டால் உறவுக்காரர்கள் எல்லோரும் தங்கத்தாயைத்தான் கைகாட்டுவார்கள்.

அவள் பின்னோக்கி யோசித்தாள். ராயகிரியில் தங்கச்சி மகள் வளைகாப்புக்குப் போனபோது, பாயசத்தில் சீனி போட மறந்துவிட்டார்கள் என்று அவர் முகம் சுளித்தார். பந்தியில் வேறு யாருமே அப்படிச் சொல்லவில்லை. அன்றைக்குத் திரும்பும் வழியில்தான் பஸ்ஸிலேயே வியர்த்துக் கொட்டியது. போன செவ்வாய்க்கிழமை ஒரு துண்டு மாம்பழத்தை வாயில் வைத்துவிட்டுப் புளிக்கிறது என்று தட்டைத் தள்ளினார். அரை மணி நேரத்தில் கை நடுங்கியது. நாக்கு செத்த நாளில்தான் உடம்பும் சாய்கிறது. கணையத்தில் கட்டி இருந்தால் நாக்கு எதற்குச் சாக வேண்டும்? வயிற்றில் கோளாறு என்றால் வயிறுதானே சொல்ல வேண்டும்?

வியாழக்கிழமை மத்தியானம் துணி துவைக்கும்போது விடை அவள் கையிலேயே வந்து விழுந்தது. அவருடைய கைக்குட்டையில் பச்சைக் கறை. மடிப்புக்குள் கசங்கிய இலைத் துணுக்குகள் நாலைந்து. மோந்து பார்த்தாள். வெற்றிலை இல்லை, துளசி இல்லை, கறிவேப்பிலையும் இல்லை. தொட்டால் பூனைக்குட்டியின் காதுபோல மெத்தென்று ரோமம் தட்டுப்பட்டது. இந்த இலையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று கொல்லைப்புறம் போனாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கட்டாமல் போட்டிருக்கும் காலிமனையின் கம்பிவேலியில் ஒரு கொடி ஏறிக் கிடந்தது. எதிரெதிராக இரண்டிரண்டு இலை, கணுக்களில் கடுகு மாதிரி மஞ்சள் பூக்கொத்து. பத்து வருசமாகப் பார்க்கும் கொடிதான், பேர் கேட்டதில்லை. வேலியின் இந்தப் பக்கம், அவள் வீட்டிலிருந்து கை எட்டுகிற உயரத்தில் மட்டும், இலையே இல்லை. காம்பு காம்பாக நின்றது.

"அட, என் வீட்டுத் திருடா" என்று வாய்விட்டே சொன்னாள்.

ஒரு கிளையை ஒடித்து முந்தானையில் சுருட்டிக்கொண்டு, சாயங்காலம் நிலோபரின் மருந்துக்கடைக்குப் போனாள். நிலோபர் பி.ஃபார்ம் படித்தவள். தங்கத்தாயின் மகள் அபியோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவள் என்பதால் அத்தை, அத்தை என்று உயிரை விடுவாள்.

இலையைப் பார்த்ததும் நிலோபர் சிரித்தாள். "சிறுகுறிஞ்சான் அத்தை. ஒரு இலைய நல்லா மென்னு, சாறு நாக்கு பூராவும் படுற மாதிரி வச்சிருங்க. முழுங்க வேண்டாம்."

கசந்தது. ஒரு நிமிடம் கழித்துத் துப்பி, வாயைக் கொப்பளித்தாள். நிலோபர் ஒரு ஸ்பூன் சீனியை நீட்டினாள்.

தங்கத்தாய் வாயில் போட்டாள். கண் விரிந்தது. ஆற்று மணலை மென்றால் எப்படி இருக்கும்? அப்படியே நறநறவென்று இருந்தது. இனிப்பு என்ற ஒன்று உலகத்தில் இருந்ததற்கான அடையாளமே இல்லை. இதுதானா அந்த மண்! உலகம்மை பாவம், ஒரு குற்றமும் செய்யவில்லை.

"பிள்ளே, இன்னும் ஏதாச்சும் குடு."

நிலோபர் ஒரு சாக்லேட்டைப் பிரித்துக் கொடுத்தாள். மெழுகைக் கடித்த மாதிரி இருந்தது, கூடக் கொஞ்சம் கசப்பு. வாழைப்பழம் புளித்த களியாய் இறங்கியது. கடையில் இருந்த குளுக்கோஸ் பாக்கெட்டில் ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்தாள், சாக்பீஸ் பொடி. நிலோபரின் சாப்பாட்டு டப்பாவில் இருந்த ஊறுகாயை மட்டும் தொட்டால் பழையபடி உப்பும் புளிப்பும் சுள்ளென்று ஏறியது. வந்த காரியத்தை மறந்து, சின்னப்பிள்ளை மாதிரி அவளுக்குச் சிரிப்பு வந்தது. கடைக்கு வந்த ஒருவர் இருமல் மருந்து கேட்க, அதையும் ஒரு சொட்டுக் கேட்டுவிடலாமா என்றுகூட யோசித்தாள்.

"இது என்ன மாயம், பிள்ளே?"

"மாயம்லாம் இல்ல அத்தை. இனிப்பு வந்து தட்டுறதுக்குன்னு நாக்குல தனி வாசல் உண்டு. இந்த இலைச் சாறு அந்த வாசல்ல போயி குத்தவச்சு உக்காந்துக்கிடும். சீனி வந்தா உள்ள விடாது. உப்புக்கும் புளிக்கும் வேற வாசல், அதுக்கு ஒண்ணும் ஆகாது. அரை மணி, ஒரு மணி நேரத்துல தன்னால எந்திரிச்சுப் போயிரும்."

"உடம்புல?"

நிலோபரின் சிரிப்பு நின்றது. "குடல்லயும் சர்க்கரை ஏறுறதைத் தடுக்கும், கணையத்தைத் தட்டி இன்சுலினை வெளிய கொண்டுவரும்னு சொல்லுதாங்க. ஆராய்ச்சி பண்ணிருக்காங்க, ஆனா எவ்வளவு தின்னா எவ்வளவு இறங்கும்னு முடிவாச் சொல்ல முடியாது. எல்லா இலையும் ஒரே வீரியம் கிடையாதுல்லா? ஆயுர்வேதத்துலயும் சித்த மருத்துவத்துலயும் காலங்காலமாக் குடுக்கதுதான், ஆளைப் பார்த்து, அளவு பார்த்து. மாமா போடுற மாத்திரை எது?"

தங்கத்தாய் பேரைச் சொன்னாள்.

"அதுவும் கணையத்தைத் தட்டுற மாத்திரைதான் அத்தை. ஒரே ஆளை ரெண்டு போலீஸ் சேர்ந்து அடிச்சா?"

"செத்துருவான்" என்றாள் தங்கத்தாய். சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்பது அவளுக்கே உறைத்தது.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமானால், வீட்டுக்குத் திரும்பியபோது பயத்தைவிட அவளுக்குச் சந்தோஷம்தான் அதிகம். கட்டி இல்லை! இலைதான்! அதோடு கூட இன்னொன்றும் இருந்தது. ஊரையே விசாரித்த மனுஷனை ஒரு கைக்குட்டையை வைத்துப் பிடித்துவிட்ட பெருமை. இப்போதே கேட்டால் மழுப்புவார். காலையில் வேலிப்பக்கம் போவாரல்லவா, கையும் களவுமாகப் பிடித்து, அப்படியே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவோம் என்று வாயை மூடிக்கொண்டாள். அவள் செய்த தப்பு அதுதான். அதற்காக அவள் தன்னை லேசில் மன்னிக்கப் போவதில்லை.

விடிந்ததும் பின்வாசலில் காத்துக்கொண்டு நின்றாள். ஆள் அந்தப் பக்கமே வரவில்லை. முந்தின நாளே பறித்துப் பையில் வைத்திருப்பார் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. முன்பக்கம் ஏதோ உலோகம் உரசும் சத்தம் கேட்டு ஓடினாள்.

கார் நிறுத்தும் இடத்தில் சுந்தரபாண்டியன் நின்றுகொண்டிருந்தார். கையில் சாவி. காரின் பின்கதவுக் கைப்பிடியில் அதைத் திரும்பத் திரும்பக் குத்திக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாய் எதையோ மென்றுகொண்டிருந்தது. சாப்பாட்டு மேசையில் மாத்திரை அட்டையில் வெள்ளிக்கிழமைக்கான குழி காலியாகக் கிடந்ததை உள்ளிருந்து வரும்போதே அவள் பார்த்துவிட்டாள். கை பழகிய பழக்கத்தில் மாத்திரையைப் போட்டுக்கொண்டிருக்கிறார். வெறும் வயிறு, மாத்திரை, அதற்கு மேலே இலை.

"ஏங்க! துப்புங்க அத!"

அவர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் தங்கத்தாய் இல்லை.

"நீங்க யாரும்மா?" என்றார், மரியாதையாக. "இங்கன நிக்கக் கூடாது. புகார் குடுக்கணும்னா ஸ்டேஷன் ரைட்டர்கிட்ட குடுங்க."

முப்பத்துநாலு வருசம். இரண்டு பிரசவம், ஏழு மாற்றல், எத்தனையோ பொங்கல், எத்தனையோ சண்டை, எல்லாவற்றையும் ஒரே சொல்லில் துடைத்துப் போட்டுவிட்டார். நின்று வருந்த நேரம் இல்லை. 108-க்கு போன் அடித்து, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கி விலாசம் சொல்லிக்கொண்டே அடுக்களைக்கு ஓடி, ஒரு தம்ளர் தண்ணீரில் மூன்று கரண்டி சீனியைக் கலக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் தம்ளரைத் தள்ளினார். "பச்சத்தண்ணி. என்னையவே ஏமாத்துதியளா?"

அவள் வாதாடவில்லை. நாக்கின் வாசலில் அந்த இலைச் சாறு குத்தவைத்து உட்கார்ந்திருக்கும்போது சீனியிடம் எத்தனை தரம் சத்தியம் வாங்கினாலும் அது உள்ளே போகாது. உப்புக்கும் புளிக்கும் வேற வாசல் என்றாளே நிலோபர்! மறுபடியும் உள்ளே ஓடினாள். அதே தம்ளரில் இன்னும் இரண்டு கரண்டி சீனி, ஒரு முழு எலுமிச்சம்பழம், ஒரு சிட்டிகை உப்பு. கலக்கிய அவசரத்தில் பாதி உப்பு தரையில் சிந்தியது.

வந்தபோது அவர் எப்படியோ முன்கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். தலை தொங்கத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் விழுங்க முடியாது, விழுங்காத ஆள் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அய்யா" என்றாள். ஊர்ப் பொதுமக்களில் ஒருத்தியாகக் கைகட்டி நின்றாள். "ஒரு புகார் குடுக்க வந்திருக்கேன்யா."

அந்தத் தலை மெல்ல நிமிர்ந்தது. எத்தனை மங்கினாலும் அந்தச் சொல் மட்டும் உள்ளே எங்கோ விழித்துக்கொண்டுதான் இருந்தது. "ரைட்டர்..."

"ரைட்டர்தான்யா என்னை உள்ள அனுப்புனாவ. அய்யா காலையில இருந்து ஒண்ணும் குடிக்கல, எலுமிச்சைச் சாறு குடுத்துட்டுப் புகாரைச் சொல்லுன்னாவ."

அவர் தம்ளரைப் பார்த்தார். வாங்கினார். ஒரு வாய் உறிஞ்சினார். "உப்பு பதமா இருக்கு" என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் குடித்தார். அவள் இன்னொரு தம்ளர் கலக்கிக் கொண்டுவந்தாள், அதையும் குடித்தார். பிறகு, "சொல்லுங்கம்மா, என்ன புகார்?" என்றார். அவள் அவர் காதருகே குனிந்து சொன்னாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார், கண்ணை மூடிக்கொண்டார்.

ஆம்புலன்ஸ் வந்து, விரலில் குத்தி, அறுபத்தெட்டு, ஏறிக்கிட்டு இருக்கு என்று அந்தப் பையன்கள் சொல்லும்போது அவருக்கு முழு நினைவும் திரும்பியிருந்தது. மாத்திரையின் வேகம் முடியவில்லை, மறுபடியும் இறங்கலாம், தென்காசி வந்து அரை நாளாவது படுத்திருக்கத்தான் வேண்டும் என்றார்கள். சட்டை மாற்ற ஐந்து நிமிடம் கேட்டு உள்ளே வந்தார். தங்கத்தாய் தட்டில் நாலு இட்லியை வைத்து, பக்கத்தில் அந்தக் கைக்குட்டையையும் விரித்துப் போட்டாள்.

சுந்தரபாண்டியன் இட்லியைப் பார்த்தார், கைக்குட்டையைப் பார்த்தார். குற்றவாளிகள் எத்தனையோ பேரைப் பார்த்தவருக்குக் குற்றவாளியாக உட்காரத் தெரியவில்லை.

"செங்கோட்டைல நம்ம சேக்காளி தாணுமாலயன் சொன்னான். அவனுக்கும் சுகர் உண்டு. அங்கன மலையாளத்துக்காரங்க அதுக்கு சக்கரைக்கொல்லின்னுதான் பேரு வச்சிருக்காங்களாம். பேருலயே இருக்குல்லா, சக்கரையைக் கொல்லும்னு! தின்னு பார்த்தேன், சீனியே இனிக்கல. நாக்குலயே கொன்னுட்டுன்னா ரத்தத்துல விட்டுவைக்குமா?"

"டாக்டரம்மா கேட்டப்ப ஏன் சொல்லல?"

"மருந்து உண்டுமான்னு கேட்டாவ. இலைய யாராச்சும் மருந்துன்னு சொல்லுவாங்களா? அது இலை." கைக்குட்டையை மடித்து ஓரமாகத் தள்ளினார். "சுகர் குறையலன்னா அடுத்து இன்சுலின் ஊசின்னு டாக்டரம்மா முன்னாடி சொன்னாவல்லா. எங்கப்பாவுக்கு ஊசி போட ஆரம்பிச்ச ரெண்டாம் வருசம் காலை எடுத்தாங்க. அதுக்கு முன்னாடி எப்படியாச்சும் இறக்கிரணும்னு..."

"கை நடுங்கும்போதெல்லாம் ஏன் இன்னும் தின்னிய?"

"டாக்டரம்மா இறங்கிட்டுன்னப்ப இலை வேலை செய்யுதுன்னு நெனச்சேன். வீட்ல நடுங்குனா திரும்பவும் சுகர் ஏறிட்டுன்னு நெனச்சேன்."

தங்கத்தாய்க்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஏறினாலும் சுகர், இறங்கினாலும் சுகர், நோய்க்கும் அதே பேர், டப்பாவில் இருக்கும் சீனிக்கும் அதே பேர். விழுந்துகொண்டிருந்த மனுஷன், ஏறிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்து இன்னும் இரண்டு இலையைத் தின்றிருக்கிறார்.

அவர் இன்னும் விடவில்லை. "தாணுமாலயனுக்கு அந்த இலை நல்லாத்தான் கேக்கு. அளவு தெரியாமத் தின்னது என் தப்பு. கொஞ்சமாத் தின்னா..."

"என்னை யாருன்னு கேட்டிய" என்றாள் தங்கத்தாய்.

அவர் கையிலிருந்த இட்லி அப்படியே நின்றது.

"நானா?"

"நீங்கதான். நீங்க யாரும்மான்னு கேட்டிய. புகார் குடுக்கணும்னா ரைட்டர்கிட்ட குடுன்னிய."

வெளியே ஆம்புலன்ஸ் பையன்கள் ஹாரன் அடித்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

"நீ என்ன சொன்ன?"

"புகாரைக் குடுத்தேன்."

"யாரு மேல?"

"யாரு மேலயும் இல்ல. என் வீட்டுக்காரரைக் காணோம்னு குடுத்தேன்."

சுந்தரபாண்டியன் கையைக் கழுவவில்லை. இடது கையால் போனை எடுத்து, இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாவது தடவை சரியாகப் போட்டார்.

"டாக்டரம்மா, நான் மேலகரம் சுந்தரபாண்டியன் பேசுதேன்" என்றார். "உங்ககிட்ட நான் ஒரு விஷயத்தை மறைச்சிட்டேன்."